பிராஸ் இல்லாத பாண்ட்

தம்பி, போன வாரம் ரிகர்சல் முடிந்து பெங்களூரு அல்சூர் ஏரிப் பக்கம் டீ குடிக்கும்போது நீ கேட்டது இது: “அண்ணா, ‘கோல்டன்ஐ’ படத்தோட பின்னணி இசை நல்லதுன்னு நீங்க ஒருத்தர்தான் சொல்றீங்க. மத்தவங்க எல்லாம் ஜேம்ஸ் பாண்ட் படங்களிலேயே மோசமான இசை அதுதான்னு எழுதியிருக்காங்க. நானும் ரெண்டு டிராக் கேட்டேன். தகர ஷெட்டுக்குள்ள யாரோ சுத்தியலால அடிக்கிற மாதிரி இருக்கு. அதுல என்னதான் இருக்கு?” நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்றேன். எழுதித் தருகிறேன் என்று சொன்னேன், இப்போது எழுதுகிறேன்.

அந்தத் தகர ஷெட்டிலிருந்தே தொடங்கலாம். நீ கேட்டது சரியாகத்தான் கேட்டிருக்கிறாய். அந்த இசை உண்மையிலேயே ஒரு பெரிய, காலியான, சில்லிட்டுப்போன ஷெட்டுக்குள் நடக்கிறது. பாண்ட் படம் என்றால் இப்படி இருக்கக் கூடாது என்று நினைக்கிறவர்களுக்கு அது குற்றம். இந்த ஒரு படத்துக்கு அதுதான் வேண்டியிருந்தது என்பது என் கட்சி.

எதை எதிர்பார்த்து ஜனங்கள் தியேட்டருக்குப் போனார்கள் என்பதை முதலில் பார். பாண்ட் தீம் பிறந்தது 1962-இல், ‘டாக்டர் நோ’ படத்துக்காக. மெட்டு மான்டி நார்மனுடையது. அதற்கு உருவம் கொடுத்தவர் ஜான் பேரி. அந்தப் பிரபலமான கிட்டாரை வாசித்தவர் விக் ஃபிளிக். கிட்டாருக்கு அடியில் ஒரு வரி ஏறி இறங்குகிறது, கவனித்திருக்கிறாயா? ஈ மைனரில் ஸட்ஜத்தை வைத்துக்கொண்டால் ப, த1, த2, திரும்ப த1. அவ்வளவுதான். சுத்த தைவதத்துக்கும் சதுஸ்ருதி தைவதத்துக்கும் நடுவில் ஆடும் அந்த ஊசலில்தான் முழு உளவாளித்தனமும் இருக்கிறது. இன்னொரு சங்கதியும் சொல்கிறேன், ரொம்பப் பேருக்குத் தெரியாது. நார்மன் அந்த மெட்டைப் பாண்டுக்காகப் போடவில்லை. வி.எஸ். நைபாலின் ‘எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ்’ நாவலை மேடை இசை நாடகமாக்கும் முயற்சிக்காக முதலில் எழுதியது. அதில் அது ஒரு இந்திய வம்சாவளிக்காரன் தன் அபசகுனத் தும்மலைப் பற்றிப் பாடும் பாட்டு. தும்மல் சகுனம் பார்க்கும் வீட்டிலிருந்து கிளம்பிய மெட்டு, லண்டனில் கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டது.

அந்தக் கோட்டுதான் ஜான் பேரி. 1963 முதல் 1987 வரை பதினோரு பாண்ட் படங்களுக்கு அவர் இசையமைத்தார். அலறும் டிரம்பெட், அதற்கு அடியில் டிராம்போன் (இந்தப் பித்தளை ஊதுவாத்தியங்களைத்தான் பிராஸ் என்போம்), மேலே நீண்டு வழியும் வயலின்கள். இவற்றைவிட முக்கியமான வேலை ஒன்றும் அவர் செய்தார். டைட்டில் பாட்டின் மெட்டை எடுத்துப் படம் முழுக்கப் பின்னணியில் இழைத்துக்கொண்டே போவார். ‘கோல்ட்ஃபிங்கர்’ பார்த்தால் புரியும். பாட்டு முடிந்த பிறகும் அந்தப் பாட்டுக்குள்ளேயேதான் படம் ஓடும். நடுவில் வேறு ஆட்கள் வந்தபோதெல்லாம் முணுமுணுப்பு இருந்தது. 1977-இல் மார்வின் ஹேம்லிஷ் டிஸ்கோ பீட் போட்டார், அதற்கும் திட்டு விழுந்தது.

1989-க்குப் பிறகு ஆறு வருஷம் பாண்ட் படமே இல்லை. அதற்கு நடுவில் 1991-இல் சோவியத் யூனியன் காணாமல் போனது. எதிரியே இல்லாமல் உளவாளியை வைத்து என்ன செய்வது? 1995-இல் ‘கோல்டன்ஐ’ வந்தபோது புது பாண்ட் பியர்ஸ் பிராஸ்னன், புது எம், அதாவது பாண்டின் உளவுத் துறைத் தலைவி, ஜூடி டென்ச். அந்த எம் அவனை நேருக்கு நேராகப் பனிப்போரின் மிச்சம் என்று சொல்கிறார். இசைக்கு ஜான் பேரியைக் கேட்டார்கள், அவர் ஒப்புக்கொள்ளவில்லை. வந்தவர் பிரெஞ்சுக்காரர் எரிக் செரா.

செரா அடிப்படையில் பேஸ் கிட்டார்காரர். இதை மனதில் வைத்துக்கொண்டு கேள், பாதி விஷயம் திறந்துவிடும். பிரெஞ்சு இயக்குநர் லூக் பெஸோனின் படங்களுக்கு இசையமைத்துப் பெயர் வாங்கினார். கடலுக்கடியில் நடக்கும் ‘லெ கிராண்ட் ப்ளூ’வுக்குப் பிரான்சின் சீசர் விருது கிடைத்தது. அப்புறம் ‘நிகிதா’, 1994-இல் ‘லியோன்’. பேஸ்காரர்கள் மேலேயிருந்து கீழே மெட்டுப் போடுவதில்லை. தரையைப் போடுவார்கள், அதன் மேல் என்ன நிற்கிறது என்று பார்ப்பார்கள். நம் ட்ரூப்பில் பேஸ் வாசிக்கிறவரைக் கவனி, தெரியும்.

நான் இந்தப் படத்தை வந்த புதிதிலேயே எம்.ஜி. ரோட்டுப் பக்கம் இருந்த ஒரு தியேட்டரில் பார்த்தேன். எனக்கு இருபது வயது. அப்போதுதான் ஆக்டோபேட், அதாவது குச்சியால் தட்டும் எலக்ட்ரானிக் டிரம் பேட், வாசிக்க ஆரம்பித்திருந்தேன். கூட வந்தவர் எங்கள் ட்ரூப்பின் டிரம்பெட் அங்கிள். கண்டோன்மென்ட் தமிழர், சர்ச் பேண்டில் வாசித்து வளர்ந்தவர், கல்யாண ரிசப்ஷனில் மாப்பிள்ளை நுழையும்போது பாண்ட் தீம் ஊதிக் கூட்டத்தை எழுப்பிவிடுவார். திரை இருண்டது, துப்பாக்கிக் குழலின் வட்டம் நகர்ந்து வந்தது. அவர் விரல்கள் தொடையின் மேல் வால்வு அழுத்தத் தயாராக இருந்தன. டிரம்பெட் வரவில்லை. வந்தது உலோகம் உரசுகிற மாதிரி ஒரு சத்தமும், ஆழத்திலிருந்து தட்டி எழுப்பும் டிம்பனி (ஸ்வரம் கூட்டி வைக்கும் பெரிய முரசு) மாதிரி ஒரு தாள ஒலியும். தீம் அதற்குள் துண்டு துண்டாகக் கிடந்தது. இடைவேளையில் அங்கிள் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் “பிராஸ் எங்கடா?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்குள் ரோஷம் இருந்தது, வருத்தமும் இருந்தது. எனக்கோ முதுகுத்தண்டு வரை அதிர்ந்துகொண்டிருந்தது. நான் பேடில் தேடிக்கொண்டிருந்த சத்தம் அது.

முப்பது வருஷமாக நடக்கிற சண்டை இதுதான். எங்கள் இரண்டு பேருக்குள்ளும் அன்றைக்கே அது நடந்துவிட்டது.

அங்கிளின் பக்கத்து நியாயத்தை நான் ஒதுக்கவில்லை, கீழே வருகிறேன். முதலில் அந்தத் தாள ஒலியைப் பற்றிச் சொல்லவேண்டும். தாள வாத்தியத்தில் மெட்டு வராது என்று நினைக்கிறவர்கள் உறுமியைக் கேட்டதில்லை. இந்த ஊரில் தமிழர்கள் இருக்கும் பேட்டைகளில் கரகமோ அம்மன் திருவிழாவோ நடந்தால் தெருமுனையில் உறுமி கேட்கும். வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது ஸ்வரம் வழுக்கிக்கொண்டு மேலே போகும், அடித்தொண்டையிலிருந்து யாரோ அழுகிற மாதிரி. பறை அடி கொடுக்கிறது, உறுமி பேசுகிறது. செரா செய்வதும் அந்த வகை வேலை. ஸ்வரம் உள்ள தாள ஒலியை எடுத்து அதன் மேல் பாண்ட் தீமின் எலும்பை மட்டும் வைக்கிறார். சதை இல்லை. கேட்கிறவன் மனதில் ஏற்கெனவே தீம் முழுசாக இருக்கிறது, நான்கு அடி கொடுத்தால் மீதியை அவனே நிரப்பிக்கொள்வான் என்பது கணக்கு.

அந்தக் கணக்கு சரியானதுதான். 1983-இல் ‘ஆக்டோபஸி’யில் நம் சென்னைக்காரர் விஜய் அமிர்தராஜ் உதய்ப்பூரில் பாம்பாட்டி வேஷத்தில் உட்கார்ந்து மகுடியில் பாண்ட் தீம் ஊதுவார். ஒரு நொடியில் எல்லாருக்கும் புரிந்துவிடும். மகுடி தாங்குகிற மெட்டை டிம்பனி தாங்காதா?

தொடக்கத்து அணைக்கட்டுக் காட்சியை எடுத்துக்கொள். கதைப்படி அது ரஷ்யாவில் ஒரு ரசாயன ஆயுதத் தொழிற்சாலை. எடுத்தது சுவிட்சர்லாந்தின் வெர்ஸாஸ்கா பள்ளத்தாக்கில், 220 மீட்டர் உயர அணையில். ஒரு மனிதன் காலில் கயிறு கட்டிக்கொண்டு அங்கிருந்து குதிக்கிறான். பேரியாக இருந்தால் அந்தக் குதிப்புக்கு டிரம்பெட் கூட்டம் ஒன்று எழுந்து நின்றிருக்கும். செரா அதற்கு முன்னால் தரையோடு தரையாகக் கிடக்கும் தாழ்ந்த ஒலிகளால் காங்கிரீட்டின் எடையைக் காட்டுகிறார். குதிக்கும் நேரத்தில் இசை ஒதுங்கிக்கொள்கிறது. காற்றும் உயரமும் மட்டும். நம் நெஞ்சுதான் தாளம் போடுகிறது.

எனக்கு இந்த இசை முழுவதிலும் மனசு நின்ற இடம் சிலைகளின் காட்சி. ஆல்பத்தில் ‘விஸ்பரிங் ஸ்டாச்சூஸ்’ என்று இருக்கும். பீட்டர்ஸ்பர்கில் ஒரு ராத்திரி. பெயர்த்தெடுத்துக் கொண்டுவந்து போட்ட சோவியத் சிலைகள், லெனின் ஒரு பக்கம், ஸ்டாலின் ஒரு பக்கம், மூடுபனி. அங்கே பாண்ட் ஒரு எதிரியைச் சந்திக்கப் போகிறான். இருட்டிலிருந்து வெளியே வருகிறவன் ஒன்பது வருஷத்துக்கு முன் தன் கண்ணெதிரே செத்துப்போனதாக அவன் நினைத்த நண்பன், சக உளவாளி 006. இந்த இடத்தில் டிரம்பெட் என்ன சொல்லும்? வீரம் சொல்லும், ஆபத்து சொல்லும். இங்கே இரண்டும் இல்லை. இங்கே இருப்பது, ஒரு காலம் செத்துக் கிடக்கிறது, அதன் நடுவில் அந்தக் காலத்து ஆள் ஒருவன் இன்னும் நடந்துகொண்டிருக்கிறான் என்பது. செராவின் மெதுவான, எதிரொலிக்கும், எங்கே ஆரம்பித்தது என்றே தெரியாத ஒலிகள் அந்த இடத்தின் காற்றாகவே இருக்கின்றன. பார்க்காமல் கேட்டால் ‘இதில் ஒன்றுமே நடக்கவில்லையே’ என்று தோன்றும். படத்தோடு பார், நண்பனின் முகம் வெளிச்சத்துக்கு வரும் நொடியில் அந்த ஒன்றுமில்லாமை எவ்வளவு கனமாக இருக்கிறது என்று தெரியும்.

இதனால்தான் சொல்கிறேன், இந்த இசையை மெட்டாகக் கேட்காதே, இடமாகக் கேள். எவ்வளவு பெரிய அறை, சுவர் எதனால் ஆனது, எவ்வளவு குளிர்கிறது, எத்தனை பேர் இருக்கிறார்கள். ரிவெர்ப், அதாவது அறையின் எதிரொலி, எவ்வளவு நீளம் என்பதை மட்டும் கவனித்துக்கொண்டே ஒருமுறை முழுசாகக் கேட்டுப் பார். கீபோர்டுக்காரனான உனக்கு அதற்குப் பிறகு பேட்ச் (கீபோர்டு ஒலி) தேர்ந்தெடுக்கும் விதமே மாறிவிடும்.

ஆனால் செராவுக்கு எலக்ட்ரானிக்ஸ் மட்டும்தான் தெரியும் என்று சொல்கிறவர்கள் ஆல்பத்தில் ‘தி செவர்னாயா ஸ்வீட்’ (Suite, தொகுப்பு இசை) பக்கம் போகவே இல்லை என்று அர்த்தம். செவர்னாயா என்பது கதையில் ஆர்க்டிக் பனியில் புதைந்த செயற்கைக்கோள் கட்டுப்பாட்டு நிலையம். உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் சுட்டுக் கொல்லப்பட, நடாலியா என்ற புரோகிராமர் ஒருத்தி மட்டும் மிஞ்சுகிறாள். இடிபாட்டிலிருந்து தவழ்ந்து வெளியே வருகிறாள், வெளியே பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் நாய்கள் நிற்கின்றன. அங்கே நிஜ ஆர்கெஸ்ட்ராவின் வயலின்கள் வருகின்றன. அதுவரை இரும்பும் காங்கிரீட்டுமாக இருந்த இசையில் முதன்முறையாக மனித மூச்சு. அது ரொம்ப நேரம் மறுக்கப்பட்டிருந்ததால்தான் அந்த வயலின் அப்படி அறுக்கிறது. படம் முழுக்க ஸ்ட்ரிங்ஸ் வழிந்திருந்தால் இந்தச் சில நிமிஷம் யாருக்கும் நினைவில் இருந்திருக்காது. கியூபாவின் கடற்கரையில் அவள் அவனிடம் எப்படி இவ்வளவு சில்லென்று இருக்கிறாய் என்று கேட்கும் காட்சி உனக்கு நினைவிருக்கும். அதுதான் தன்னை உயிரோடு வைத்திருக்கிறது என்கிறான் அவன். இல்லை, அதுதான் உன்னைத் தனியாக வைத்திருக்கிறது என்கிறாள் அவள். செராவின் குளிர் முழுவதும் அந்த வசனத்துக்காகவே காத்திருந்தது போல எனக்குப் படும்.

சரி, அங்கிளின் நியாயத்துக்கு வருகிறேன்.

பீட்டர்ஸ்பர்க் தெருக்களில் பாண்ட் டாங்கி ஓட்டிக்கொண்டு துரத்தும் காட்சி. செரா அதற்குப் போட்ட இசையை எடுத்துவிட்டார்கள். செராவின் ஆர்கெஸ்ட்ராப் பகுதிகளை நடத்திக் கொடுத்த ஜான் ஆல்ட்மனைக் கொண்டே பழைய பாணியில், பாண்ட் தீமை முழு பிராஸோடு எழுதவைத்துச் சேர்த்தார்கள். செராவின் வடிவம் ஆல்பத்தில் ‘எ பிளெசன்ட் டிரைவ் இன் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்’ என்று இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டேன், பலமுறை. படத்தை எடுத்தவர்கள் செய்தது சரி. டாங்கி ஓட்டும் பாண்ட் டை சரிசெய்துகொள்கிறான், தெருவில் சுவர்கள் பொடியாகின்றன. அது குதூகலம். குதூகலத்துக்கு செராவிடம் சத்தம் இல்லை. அந்தக் காட்சியில் டிரம்பெட் எழுந்தபோது அங்கிள் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தியேட்டரே நிமிர்ந்தது.

மொனாக்கோ மலைப்பாதையில் ஆஸ்டன் மார்ட்டினும் ஃபெராரியும் பந்தயம் போகும் இடத்து இசையும் எனக்கு ஒட்டவில்லை. அதில் இருப்பது அந்த வருஷத்து டான்ஸ் பீட், அந்த வருஷத்தோடு முடிந்துவிட்டது. கடைசியில் செராவே பாடும் ‘தி எக்ஸ்பீரியன்ஸ் ஆஃப் லவ்’ தனியாகக் கேட்டால் மென்மையான பாட்டு, இந்தப் படத்தின் முடிவில் வேறு வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி இருக்கிறது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய குறை ஒன்று உண்டு, அதற்கு செரா மட்டும் பொறுப்பில்லை. டைட்டில் பாட்டு போனோவும் தி எட்ஜும் எழுதி டீனா டர்னர் பாடியது. அற்புதமான பாட்டு. ஆனால் அதன் ஒரு ஸ்வரம்கூடப் பின்னணி இசைக்குள் வரவில்லை. பேரி பழக்கிவைத்த அந்த இழை இங்கே அறுந்துவிட்டது. பாட்டும் பிஜிஎம்மும் ஒரே வீட்டில் பேசிக்கொள்ளாத இரண்டு பேர். கேட்கிறவர்களுக்கு ஏமாற்றம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லத் தெரியாது, ஏமாற்றம் மட்டும் தெரியும். அதைச் சேர்த்து அந்தச் சத்தத்தின் மேல் போட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

1997-இல் அடுத்த படத்துக்கு டேவிட் ஆர்னால்ட் வந்தார், பிராஸைத் திருப்பிக் கொண்டுவந்தார், வரிசையாக ஐந்து படம் செய்தார். செராவின் வழி அதோடு மூடியது. ஆனால் அதே 1997-இல் ‘கோல்டன்ஐ’ வீடியோ கேம் நின்டென்டோவில் வந்தது. அதன் இசையில் இந்த உலோகச் சத்தமும் தாளமும்தான் நிறைந்திருக்கிறது. தியேட்டரில் முகம் சுளித்த அதே சாயலை ஒரு தலைமுறைப் பையன்கள் கையில் கன்ட்ரோலரோடு மணிக்கணக்காகக் கேட்டு வளர்ந்தார்கள். இன்றைக்கு செராவுக்காகப் பேசுகிறவர்களில் நிறையப் பேர் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்பது என் ஊகம்.

நமக்கு இந்தச் சண்டை புதுசு இல்லை. 1986-இல் ‘விக்ரம்’ வந்தது. நம் ஊர் உளவாளிப் படம். அதன் டைட்டில் பாட்டில் இளையராஜா எலக்ட்ரானிக் ஒலிகளை முன்னால் நிறுத்தினார். அதே வருஷம் ‘புன்னகை மன்ன’னில் சீக்வென்சர் (ஸ்வரங்களைப் பதிந்து தானாக வாசிக்கும் கருவி) வைத்துத் தீம் இசை போட்டார். 1992-இல் ‘ரோஜா’ வந்தபோது கம்ப்யூட்டர் மியூசிக் என்று சொன்னவர்கள் எத்தனை பேர். எங்கள் ட்ரூப்பிலேயே ஆக்டோபேட் வந்த நாளில் டோலக், பாங்கோஸ் வாசித்தவர்கள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அவர்கள் பயத்துக்குக் காரணம் இருந்தது. நான்கு பேர் செய்த வேலையை ஒரு பேட் செய்தது, நான்கு பேருக்குப் போன சம்பளம் ஒருவனுக்கு வந்தது. அங்கிள் “பிராஸ் எங்கடா?” என்று கேட்டதில் இதுவும் சேர்ந்திருந்தது என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது. அதனால் இந்த இசை பிடிக்கவில்லை என்று சொல்கிறவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. கேட்காமலே சொல்கிறவர்களோடு மட்டும் போவேன்.

இப்போது நீ எப்படிக் கேட்கவேண்டும் என்று சொல்கிறேன். முதலில் மொபைல் ஸ்பீக்கரை விடு. அதில் கீழ் ஒலிகள் வரவே வராது. செராவின் இசையில் பாதி அந்தக் கீழ்த்தளத்தில்தான் வாழ்கிறது. அதை வெட்டிவிட்டுக் கேட்டால் மிஞ்சுவது சுத்தியல் சத்தம்தான். நீ கேட்டது அதைத்தான் என்று எனக்குச் சந்தேகம். நல்ல ஹெட்ஃபோன் வேண்டும், இல்லாவிட்டால் நம் ரிகர்சல் ரூம் சப்வூஃபர். ஆல்பத்தை முதலிலிருந்து போடாதே. முதலில் ‘செவர்னாயா ஸ்வீட்’, விளக்கை அணைத்துவிட்டு. அடுத்து ‘விஸ்பரிங் ஸ்டாச்சூஸ்’, இதைப் படத்தின் காட்சியோடு. மூன்றாவதாக ‘தி கோல்டன்ஐ ஓவர்ச்சர்’. அதில் டிம்பனி வரும்போது வாயால் ப, த, த, த என்று அடிவரியைப் பாடிக்கொண்டே கேள், தீம் எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியும். டாங்கி இசை இரண்டையும் கடைசியில் வைத்துக்கொள், அதில் மட்டும் நீ அங்கிள் பக்கம் சாய்ந்தாலும் நான் மறுக்கமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ரிகர்சலுக்கு ஒரு மணி நேரம் முன்னால் வந்துவிடு. அங்கிளையும் வரச் சொல்லியிருக்கிறேன். இப்போது ஊதுவதில்லை, மூச்சு போதவில்லை என்கிறார். ஆனால் செவர்னாயா வயலின்களை அவர் இதுவரை தனியாகக் கேட்டதில்லை. சப்வூஃபரை நான் முன்னாடியே போட்டு வைக்கிறேன்.